பழைய லொறிக்குப் புதிய பிறேக்

பழைய மோட்டார் வண்டிகளைப் புதுக்கி ஓட்டுவதை அமெரிக்கர் பலர் ஒரு கலையாகவே போற்றி வருகின்றனர். அவர்கள் பெரிதும் விரும்பித் தேடுவனவற்றுள் ஒன்று, 1947ஆம் ஆண்டு தொடங்கி 1955ஆம் ஆண்டின் முற்பகுதி வரை ஷெவ்ரலே நிறுவனத்தார் செய்து விற்ற 'அட்வான்ஸ் டிசைன்' என்னும் சிறு லொறியாகும். அது பிறந்த காலத்தில் அதன் எஞ்சின் 90 குதிரைவலு உடையதாயிருந்தது. இன்று புதுக்குவோரிற் சிலர் அவ்விடத்தில் இரு மடங்கு, மும்மடங்கு வலுவுள்ள எஞ்சினைப் பூட்டிவிடுகின்றனர். ஓடுவதற்கு வழி செய்தாயிற்று. நிற்பதற்கு என்ன வழி? அதனையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

மூடிய கலமொன்றிலுள்ள திரவத்தின்மேற் செலுத்தப்படும் அமுக்கம் எத்திசையிலும் குறைவின்றிப் பரவும் என்னும் பஸ்காலின் விதியைப் பௌதிகம் பயிலும் மாணவர் அறிவர். எண்ணெய்ப் பிறேக்கின் உயிர் அவ்விதியே. மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரில் எழும் அமுக்கம் குழாய் வழியே நான்கு சில்லுகளையும் சென்றடைகிறது. பழைய லொறியில் இச்சிலிண்டருக்கு அறை ஒன்றே. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே பிறேக்கை இழக்கும். அமெரிக்கக் கார்களில் 1967ஆம் ஆண்டு மாதிரிகள் முதல், முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறான ஈரறைச் சிலிண்டர் பொதுவழக்காயிற்று. ஆகவே புதுக்குவோர் முதலில் வாங்குவது அதனைத்தான். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்கும் உடன் வருகிறது.

வாங்குவது எளிது, எங்கே வைப்பது என்பதிலேதான் சங்கடம். பழைய சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்தின் கீழே, அடிச்சட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. புதியதையும் அங்கேயே வைத்தால் வண்டியின் பழைய தோற்றம் கெடாது; தளத்தினூடாக எழும் மிதியும் அப்படியே இருக்கும். எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் உயர்த்தி வைப்போரும் உளர். ஆயின், மெல்லிய தகடு கால் அழுத்தத்தில் வளையும். தடித்த இரும்புத் தகடொன்றால் அதனை வலுப்படுத்தாது விட்டால், பாதத்தின் வலுவிற் பாதி சுவரை வளைப்பதிலேயே கழியும். எமக்குக் கீழிடமே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் அதற்கும் விலையுண்டு.

முதலாவது, உயரம். அங்கே சிலிண்டர் டிஸ்க் பிறேக்கின் கலிப்பரினும் தாழ்வாக அமைந்துவிடுகிறது. வண்டி நிற்கும்போது எண்ணெய் மெல்லப் பின்னோக்கி வடியும். மறுமுறை மிதித்தால் மிதி ஆழத்துக்குப் போகும். இதனைத் தடுக்கச் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அமுக்கத்தைத் தேக்கிவைக்கும் சிறு வால்வொன்றை முன் குழாயிற் சிலிண்டரை அடுத்துப் பொருத்துவர். பின்னே பழைய டிரம் பிறேக் இருப்பின் அதற்கு 10 இறாத்தல் வால்வு. இரண்டையும் மாற்றி வைத்தால் டிஸ்க் ஓயாது உராய்ந்து சூடேறும்.

அடுத்தது, வெப்பம். புகைக்குழாயும் அவ்வழியேதான் செல்கிறது. சாதாரணமாகப் பயன்படும் 'டொட் 3' வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை சென்ரிகிறேட்டுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்க வேண்டும் என்பது விதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியபின் அவ்வெல்லை 140 பாகை வரை இறங்கலாம். கொதித்தெழும் ஆவி திரவத்தைப் போலன்றி அமுங்கிக் கொடுக்கும். மிதி தளத்தைத் தொட்டாலும் வண்டி நில்லாது. குழாயை விலக்குக, இயலாவிடின் இடையே கேடயத் தகடு வைக்குக.

மிதியோ வெறும் நெம்புகோல். பூஸ்டர் இல்லாத வண்டியில் ஏறக்குறைய ஆறுக்கொன்று என்ற விகிதமும், உள்ள வண்டியில் நான்குக்கொன்றும் பொருந்தும். தள்ளுகோலுக்கும் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இருத்தல் வேண்டும். இல்லையேல் எண்ணெய் திரும்பும் துளை அடைபட்டு, காலை எடுத்த பின்னும் பிறேக் பிடித்தபடியே இருக்கும்.

நகைப்புக்கிடமான இன்னொரு தவறும் நேர்வதுண்டு. வலக் கலிப்பரை இடப்பக்கத்திற் பூட்டிவிடுவர். யாவும் ஒழுங்காகப் பொருந்தியதுபோலவே தோன்றும். காற்று வெளியேறும் திருகு மட்டும் மேலே இருப்பதற்குப் பதில் கீழே நிற்கும்! மேலே தங்கிய காற்றை எத்தனை முறை மிதித்தாலும் வெளியேற்ற முடியாது.

இறுதியாக, சுமையில்லா லொறியின் பின்பகுதி மிக இலேசானது. பிறேக் பிடிக்கையில் பாரம் முன்னோக்கிச் சாய, பின்சில்லுகள் முதலிற் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். அதனால் பின் குழாயில் அமுக்கத்தைக் குறைக்கும் வால்வொன்றை, கைக்கு எளிதில் எட்டும் இடத்தில் இடுவர். ஆளரவமற்ற வெளியில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து, முன்சில்லுகளே முதலிற் பூட்டிக்கொள்ளும் வரை அதனைத் திருகி அமைத்த பின்னரே தெருவுக்குக் கொண்டுவருவர்.