சாணைக்கல்லுக்கே சாணை!

கத்தி மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுகிறோம். அந்தக் கல்லே குழி விழுந்துவிட்டால்?

இன்று பெரும்பாலான சலூன்களில் பிளேடு மாட்டும் கத்திதான் இருக்கிறது. அதற்கு முன்பு, கைப்பிடிக்குள் மடங்கும் முழு எஃகுக் கத்தியால்தான் சவரம் செய்தார்கள். அதற்கு முதுகு தடிமன், வாய் மெல்லியது. தீட்டும்போது முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படும்படி கத்தியைப் படுக்கவைத்து இழுப்பார்கள். எவ்வளவு சாய்ப்பது என்று கை யோசிக்க வேண்டாம். முதுகின் தடிமனே சாய்வை முடிவு செய்துவிடும். எவ்வளவு அருமையான ஏற்பாடு! ஆனால் கல் தட்டையாக இருந்தால்தான் இது பலிக்கும். கல்லின் நடுவில் பள்ளம் இருந்தால், கத்தி வாயின் இரு ஓரங்களும் கல்லில் உரசும். நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் கூர் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்தக் கூருக்கு முடியளவு பள்ளமே பெரும் பள்ளம்.

கல்லில் ஏன் பள்ளம் விழுகிறது? பெல்ஜியம் நாட்டு ஆர்டென் மலைப்பகுதியில் கோட்டிகூல் என்ற மஞ்சள் நிறக் கல் கிடைக்கிறது. சவரக்கத்தி தீட்டப் பேர்போன கல் அது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் ஏராளம். நம் நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் கார்னெட் வகைதான். இந்த மணிகள்தான் எஃகைச் சுரண்டுகின்றன. இவற்றைப் பிடித்துவைத்திருக்கும் மைக்கா போன்ற பொருளோ மென்மையானது. தேய்க்கத் தேய்க்க அது தேய்ந்து, பழைய மணிகள் உதிர்ந்து, புதியவை வெளியே வரும். கல் வேலை செய்கிறது என்றால் கல் தேய்கிறது என்றே பொருள். கத்தி அதிகம் ஓடுவது நடுவில் என்பதால் பள்ளமும் அங்கேதான் விழும்.

தீட்டும்போது கல்லின் மேல் தண்ணீர் கறுப்பாகும். அது எஃகுத் தூள். கழுவாமல் விட்டால் அது கல்லின் நுண்ணிய இடைவெளிகளில் அடைத்துக்கொள்ளும். கல் பளபளக்கும், கத்தி வழுக்கும். வழுவழுப்பான அம்மியில் மிளகாய் அரைபடாததைப் போலத்தான். அம்மியைக் கொத்துவோம், இந்தக் கல்லை ஒரு சிறு கல்லால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போதும், புது மேல்பரப்பு வந்துவிடும்.

பள்ளத்தை எடுப்பது பார்க்கவே சுவையான வேலை. கல் முழுவதும் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுவார்கள். தட்டையான கண்ணாடிமேல் வாட்டர் பேப்பரை (நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாள்) நனைத்து ஒட்டவைத்து, கல்லைக் கவிழ்த்துத் தேய்ப்பார்கள். நாலைந்து தேய்ப்புக்குப் பிறகு திருப்பிப் பார்த்தால் ஓரத்துக் கோடுகள் போயிருக்கும், நடுக்கோடுகள் அப்படியே இருக்கும். பள்ளம் எங்கே என்று பென்சிலே காட்டிக்கொடுத்துவிடும்! கடைசிக் கோடு அழியும்வரை தேய்த்து, பிறகு கல்லை நன்றாகக் கழுவ வேண்டும். பேப்பரிலிருந்து உதிர்ந்த ஒரு பருமணல் ஒட்டியிருந்தாலும் கத்தியின் கூரில் கீறல் விழும்.

சரி, அந்தக் கண்ணாடி எப்படித் தட்டையானது? உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்கிறார்கள். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் இந்த முறையை 1959-இல் அறிவித்தது. அதற்கு முன்பு? தட்டையான பொருள் ஒன்றுகூட இல்லாத இடத்தில் முதல் தட்டைப் பரப்பை எப்படி உண்டாக்குவது?

இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்த்தால் போதாதா? போதாது. மேல்கல் முன்னும் பின்னும் நீண்டு ஓடும்போது அதன் நடுப்பகுதி குழியும். கீழ்க்கல்லின் ஓரங்கள் தேய்ந்து அதன் நடு புடைக்கும். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் இரண்டுமே தட்டை இல்லை. தொலைநோக்கிக்குக் குழியாடி செய்பவர்கள் வேண்டுமென்றே இப்படித் தேய்க்கிறார்கள்.

இங்கேதான் மூன்றாவது கல் வருகிறது. முதல் கல் குழி, இரண்டாவது புடைப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதை இரண்டாவதோடு தேய்த்தால் அதுவும் குழியும். இப்போது முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பாருங்கள். குழியும் குழியும் பொருந்துமா? ஓரங்கள் மட்டுமே முட்டும். தேய்த்தால் அந்த ஓரங்கள் குறையும். இப்படி ஜோடியை மாற்றி மாற்றி, கற்களைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால், மூன்றும் மற்ற இரண்டோடும் பொருந்த ஒரே வழிதான் மிஞ்சும்: மூன்றுமே தட்டையாவது! அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1840-இல் கிளாஸ்கோ நகரில் அறிஞர்கள் முன்னால் இதே மூன்றின் கணக்கை விளக்கினார். அவர் பயன்படுத்தியது இரும்புத் தகடுகள். தேய்ப்பதற்குப் பதில், மேடான இடங்களை மட்டும் பார்த்துச் சுரண்டினார்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். உடைந்த செங்கல் துண்டுகள் மூன்று எடுத்து 1, 2, 3 என்று எண் போடுங்கள். தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1-2, 2-3, 3-1 என்று மாற்றி மாற்றித் தேய்த்து வாருங்கள். அவ்வப்போது ஸ்கேலின் விளிம்பைக் கல்மேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். சவரக்கத்தியை மட்டும் பெரியவர்களுக்கே விட்டுவிடுங்கள்.