84–0: மேல்பிரிவுக்கு ஏறும் செலவை யார் சுமக்கிறார்கள்?

2012 செப்டம்பர் 1 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணி, சவானா மாநிலப் பல்கலைக்கழக அணியை 84–0 என்று தோற்கடித்தது. அடுத்த வாரம் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் அதே அணி 55–0 என்று தோற்றது. மின்னல் காரணமாக அந்த ஆட்டம் மூன்றாம் கால்பகுதியிலேயே நிறுத்தப்படாதிருந்தால் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும். வெல்ல முடியாது என்று தெரிந்தேதான் சவானா அணி சென்றது. அடி வாங்குவதற்கு ஈடாக, இரண்டு ஆட்டங்களுக்கும் சேர்த்து அதற்குப் பேசப்பட்ட தொகை 8,60,000 டாலர்.

ஜார்ஜியா மாநிலத்தில் 1890இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இந்த நிலைக்கு ஏன் வந்தது? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு மூன்று பிரிவுகளாக நடக்கிறது. தொலைக்காட்சிப் பணமும் பெயரும் முதல் பிரிவில் குவிகின்றன. சவானா 2002இல் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறியது. ஏறுவதற்கு விலை உண்டு. இரண்டாம் பிரிவில் குறைந்தது 10 விளையாட்டுகளுக்கு அணி வைத்தால் போதும். முதல் பிரிவில் 14 வேண்டும். கால்பந்துக்கான உதவித்தொகை உச்சவரம்பு அப்போது இரண்டாம் பிரிவில் 36. முதல் பிரிவின் கீழ்த்தட்டில்கூட 63. பயிற்சியாளர் சம்பளமும் பயணச் செலவும் இவற்றுக்கு மேல். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 84–0.

இப்படி ஏறுவதற்குச் சொல்லப்படும் வாதம் எங்கும் ஒன்றே: அணி தெரிந்தால் மாணவர் வருவர், மாணவர் பெருகினால் நன்கொடையாளர் வருவர். இதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று பாஸ்டன் கல்லூரி. 1984இல் அதன் வீரர் டக் ஃபுளூட்டி கடைசி நொடியில் வீசிய பந்து மயாமி அணியை வீழ்த்தியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விண்ணப்பங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தன. ஆனால் அந்தக் கல்லூரியின் விண்ணப்பங்கள் அதற்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தன. விடுதிகளிலும் உதவித்தொகையிலும் அது ஏற்கெனவே முதலீடு செய்திருந்தது. வெற்றி விண்ணப்பங்களைக் கூட்டக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூடுவது வெல்கிற அணிக்கு. 84–0 என்று தோற்கிற அணியைப் பார்த்து யார் விண்ணப்பிப்பார்?

கறுப்பினக் கல்லூரிகளுக்கு இந்த ஏணி ஏன் இவ்வளவு கவர்ச்சியானது என்பதையும் சொல்ல வேண்டும். தென் மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் 1960களின் பிற்பகுதி வரை கறுப்பின வீரர்களைச் சேர்க்கவில்லை. எனவே சிறந்த வீரர்கள் கறுப்பினக் கல்லூரிகளில்தான் ஆடினர். வால்டர் பேட்டன் ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். கதவுகள் திறந்தபோது வீரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். தொலைக்காட்சிப் பணமும் அங்கேயே சேர்ந்தது. இழந்த இடத்தை மீட்கும் ஆசையை வீண்பெருமை என்று நாம் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஆசைக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? விளையாட்டுக்கு வரும் நன்கொடை பெரும்பாலும் விளையாட்டுக்கே என்று கட்டுப்படுத்தப்பட்டு வருகிறது. நூலகத்துக்கோ ஆய்வகத்துக்கோ அது நகராது. பெரும் நன்கொடையாளர் இல்லாத கல்லூரிகளில் பற்றாக்குறை, பயிற்றுக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்படும் மாணவர் கட்டணத்தின் மேல் விழுகிறது. ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காத மாணவியும் அதைக் கட்டுகிறார். கறுப்பினக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகை பெறுபவர்கள். அவர்களுக்கு இக்கட்டணம் கல்விக்கடனாகவே முடிகிறது. வர்ஜீனியா மாநிலம் 2015இல் சட்டம் இயற்றி, அரசுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் செலவில் மாணவர் கட்டணம் சுமக்கும் பங்குக்கு வரம்பு விதிக்கும் அளவுக்கு இது வளர்ந்திருந்தது.

வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் மாநிலப் பல்கலைக்கழகம் வேறு முடிவெடுத்தது. அதுவும் கறுப்பினக் கல்லூரியே. 2006இல் முதல் பிரிவை நோக்கி ஏறத் தொடங்கி, செலவு தாங்காது என்று கண்டு 2009இல் திரும்புவதாக அறிவித்தது. அப்போது அதைத் தோல்வி என்றவர்கள் பலர். சவானா 84–0 வாங்கிய அதே 2012 பருவத்தில் வின்ஸ்டன்-சேலம் இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டம் வரை சென்றது. 2020இல் மெக்கென்சி ஸ்காட் அதற்கு 3 கோடி டாலர் நிபந்தனையின்றி அளித்தார். அதன் வரலாற்றிலேயே மிகப் பெரிய தனிநபர் நன்கொடை. எந்தப் பிரிவில் ஆடுகிறது என்பது அந்தக் கொடைக்கு நிபந்தனையாக இருக்கவில்லை.

ஒருவரின் கொடையும் நிலையான வழி அன்று. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினர். நிலக்கொடைத் திட்டத்தின்கீழ் அமைந்த கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, அதே மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்களுக்கு நிகராகத் தராமல் விட்ட தொகை முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கும் மேல் என்று அக்கடிதங்கள் கணக்கிட்டன. சட்டப்படி வந்திருக்க வேண்டிய பணம் அது. அது வராத இடத்தில்தான் கல்லூரி நிர்வாகங்கள் கால்பந்தில் வருவாய் தேடுகின்றன.

சவானா 2019இல் இரண்டாம் பிரிவுக்குத் திரும்பியது. ஏணியின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது: முதல் பிரிவுக் கால்பந்தின் மேல்தட்டுக்குச் செல்வதற்கான விண்ணப்பக் கட்டணம் 2023இல் 5,000 டாலரிலிருந்து 50 இலட்சம் டாலராக உயர்த்தப்பட்டது. ஆயினும் ஏறுவோர் நிற்கவில்லை. முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு அளிக்கும் நிதி அறிக்கையில் ‘மாணவர் கட்டணம்’ என்று தனி வரியே உண்டு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களிடம் அதைக் கேட்டுப் பெறலாம். அங்குள்ள மாணவர் அமைப்புகள் முதலில் கேட்க வேண்டியது அந்த ஒரு வரியைத்தான்.