பிள்ளையை யார் வைத்திருப்பது?

திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக் கூட்டம் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான். கரிமூட்டத்துக்கும் மிளகாய்க் காட்டுக்கும் போனவர்கள் திரும்பி, குடம் நிறைத்து, உலை வைத்துவிட்டுத்தான் வரமுடியும். ஊக்குநராக இருக்கும் பெண்ணின் மடியில் பிள்ளை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் அது ரேகை வைக்கும் மைப்பெட்டியில் விரலை விட்டு, கன்னமெல்லாம் நீலமாக்கியிருக்கும். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே அவர் வட்டிக்கணக்கைச் சொல்லுவார். ஒரு ரூபாய் பிசகாது.

இந்தப் பெண்களுக்குத் திறமை போதாது, பயிற்சி கொடுங்கள் என்று பேசுவோரைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குப் பயிற்சிக்கு வரச்சொல்கிறோம். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பஸ் காசுக்கு யார் கையையும் பார்க்கவேண்டியதில்லை. ஆனால் சாயங்காலம் வரை பிள்ளையை யார் வைத்திருப்பது?

திறமைக்குச் சான்று வேண்டுமென்றால், பக்கத்து மதுரை மாவட்டத்தில் பில்லுசேரி சின்னப்பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் திரட்டி, நிலக்காரர்களிடம் கூலி பேசி வாங்கிக் கொடுத்த கொத்துத் தலைவி. கந்துவட்டிக்குப் பயந்து கிடந்த பெண்களின் சிறுவாட்டுக் காசைச் சேர்த்து ஊருக்கு ஊர் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுவைக் கட்டியதில் முன்னே நின்றவர். 2001 ஜனவரியில் ஸ்த்ரீ சக்தி விருதைக் கொடுத்த பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. வீடு? கொடுப்பதாகச் சொன்ன வீடு கிடைக்கவில்லை என்று அவரே வாய்திறந்து சொன்ன பிறகு, 2024-ல்தான் தமிழக அரசு அதற்கு ஏற்பாடு செய்தது. காலில் விழுந்து கும்பிட நமக்குத் தெரிகிறது. கூரை போட்டுக் கொடுக்க இத்தனை வருஷம்.

நல்ல யோசனைகள் இல்லாமல் இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் குழுப் பெண்கள். அவர்கள் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கவேண்டும் என்பது விதி. தாய் வடித்ததைத் தன் பிள்ளையும் உண்ணும் என்ற நம்பிக்கையில் வைத்த விதி அது. ஆனால் விடியுமுன் அடுப்பு பற்றவைக்கப் போகிறவளின் கைக்குழந்தைக்கு அதில் இடமில்லை.

அந்த இடத்தை 2005-லேயே நூறு நாள் வேலைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். வேலைத்தளத்துக்கு ஐந்து சிறுபிள்ளைகள் வந்தாலே, பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தவேண்டும், அவருக்கும் கூலி உண்டு என்று அதில் இருந்தது. குழுக் கூட்டத்துக்கும், பயிற்சிக்கும், பள்ளி அடுப்படிக்கும் இதே ஏற்பாடு வேண்டும். மந்தையில் வேப்பமரத்துத் தூளியை ஆட்டும் பாட்டிக்கு ஒருநாள் கூலி என்று செலவுக் கணக்கில் ஒரு வரி. அந்த வரியை எழுதக் குழுக்களுக்கு அனுமதியும் பணமும் கொடுங்கள்.