பட்டாசு ஆலைக்கு இன்ஷூரன்ஸ்: எந்த பாலிசி யாருக்குக் கைகொடுக்கும்?

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 40 பேர் வரை இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துவிட்டு உதவிக்கு ஓடிய சுற்றுவட்டார மக்கள், அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். ஆலைக்குள் இருந்த தொழிலாளிக்கு ஒரு சட்டம், ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரருக்கு வேறொரு சட்டம், இடிந்த கட்டடத்துக்குத் தனி பாலிசி. "அதான் இன்ஷூரன்ஸ் போட்டிருக்கோமே" என்று முதலாளி சொன்னால், "எதுக்கு?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சரக்குக்கும் கட்டடத்துக்கும்

ஓர் இடத்தில் உள்ள மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை என்றால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. 2021 ஏப்ரல் 1 முதல் இவைதான் சிறு தொழில்களுக்கான பொதுவான தீ விபத்து பாலிசிகள். ஆனால் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க, மார்ச் மாதத்துச் சரக்கைக் கணக்குக் காட்டி பாலிசி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதம் குடோனில் 1 கோடி ரூபாய் சரக்கு இருக்கிறது, பாலிசியோ 50 லட்சத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் எரிந்தால் கைக்கு வருவது 10 லட்சம்தான். பாதிக்கு இன்ஷூர் செய்தால் பாதி இழப்புதான் கிடைக்கும்.

தொழிலாளிக்கு

இ.எஸ்.ஐ.யில் பதிவானவர் என்றால் இறந்தவரின் குடும்பத்துக்கு மாதா மாதம் உதவித்தொகை வரும். இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1923-ம் ஆண்டு சட்டத்தில் இருந்த இந்தக் கடமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கணக்கு இதுதான்: மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அது 184.17. மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர் இறந்தால் 13,81,275 ரூபாய். முதலாளியின் பாக்கெட்டிலிருந்து போக வேண்டிய இந்தத் தொகைக்குத்தான் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், கூலிப் பதிவேட்டில். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர் பெயரே பதிவேட்டில் இல்லாவிட்டால், அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதையே குடும்பம் நிரூபிக்க வேண்டி வரும். உள்குத்தகை இதைவிட மோசம். உரிமம் ஒருவர் பேரில், வேலை வாங்குபவர் இன்னொருவர். பாலிசி யார் பேரில்? உரிமத்தில் அனுமதித்த ஆள் எண்ணிக்கையை மீறினாலோ, மருந்து அளவை மீறினாலோ, 'நிபந்தனை மீறல்' என்று சொல்லி கிளெய்மை மறுக்க கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும். கூடுதல் அறைகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

பக்கத்து ஊர்க்காரருக்கு

இதற்குத்தான் 1991-ம் ஆண்டு பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். போபாலுக்குப் பிறகு வந்தது. அறிவிக்கப்பட்ட அளவுக்கு மேல் அபாயகரமான பொருளைக் கையாள்பவர் இந்த பாலிசியைக் கட்டாயம் எடுக்க வேண்டும். தொழிலாளி அல்லாதவர் இறந்தாலோ, காயம்பட்டாலோ, அவர் வீடு சேதமானாலோ நிவாரணம் கேட்கலாம். யார் மீது தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. வக்கீல் வைத்து வழக்குப் போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் இல்லை. கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதும். விபத்து நடந்து 5 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அரசு அறிவிக்கும் நிவாரண நிதி வேறு, இது வேறு.

ஆலையை நம்ப முடியாத தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு வழி உண்டு: பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். பணம் மே கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். அந்த வாரம் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் பாலிசி நின்றுபோகும்.