நெகிழிகளின் முனைவுத்தன்மையும் கரைதிறனும்

நெகிழிகளின் முனைவுத்தன்மை என்பது அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளில் மின்சுமை எவ்வளவு சீரற்றுப் பரவியுள்ளது என்பதைக் குறிக்கும். ஒரு நெகிழி எந்தக் கரைப்பானில் கரையும், எந்தப் பசையில் ஒட்டும், அதன் மேல் அச்சு மை நிற்குமா என்பவற்றை இது பெரிதும் தீர்மானிக்கிறது. அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம் போன்ற ஊர்களின் சிமென்ட் சூளைகளில் எந்த நெகிழியை எரிக்கலாம், எதை ஒதுக்க வேண்டும் என்ற கேள்வியும் இதே வேதியியலைத் தொட்டு வருகிறது.

பாலிங் அளவீட்டில் எலக்ட்ரான் கவர்தன்மை ஐதரசனுக்கு 2.20, கார்பனுக்கு 2.55, குளோரினுக்கு 3.16 ஆகும். கார்பனும் ஐதரசனும் மட்டுமே உள்ள பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவற்றில் வேறுபாடு சிறியது என்பதால் அவை முனைவற்றவை. பி.வி.சி.யில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் குளோரின் அமர்ந்து எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதால் அது முனைவுள்ளது.

இந்த வேறுபாட்டை வயல்வெளியிலேயே பார்க்கலாம். பி.வி.சி. குழாய்களை இணைக்கக் கடையில் ‘சொல்யூஷன்’ என்று கேட்டு வாங்கும் பொருள் சாதாரணப் பசை அன்று. டெட்ராஐதரோபியூரான், சைக்ளோஎக்சனோன் போன்ற முனைவுள்ள கரைப்பான்களில் பி.வி.சி. பிசினைக் கரைத்த கலவை அது. தடவியதும் குழாயின் வெளிப்பரப்பும் இணைப்பானின் உட்பரப்பும் இளகி, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானபின் இரண்டும் ஒரே துண்டு. அதே சொல்யூஷனைக் கறுப்பு எச்.டி.பி.இ. குழாயில் எவ்வளவு தடவினாலும் பிடிக்காது. அதன் முனைகளைச் சூடேற்றி உருக்கியோ, இறுக்கும் இணைப்பான் போட்டோதான் சேர்க்க வேண்டும். பால் பாக்கெட்டில் மை நிற்பதற்கும், அச்சிடுமுன் பாலித்தீன் தாளின் மேற்பரப்பில் மின்னிறக்கம் செலுத்தி ஆக்சிசன் தொகுதிகளை உண்டாக்குவதே காரணம்.

ஒத்த தன்மையுள்ள கரைப்பானில்தான் பொருள் கரையும் என்பது பள்ளிப் பாடம். அப்படியானால் முனைவற்ற பாலித்தீன், முனைவற்ற மண்ணெண்ணெயில் கரைய வேண்டுமே? அறை வெப்பநிலையில் கரைவதில்லை. அதன் சங்கிலிகள் பல இடங்களில் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகியிருப்பதால், கரைப்பான் உள்ளே நுழைய முடிவதில்லை. கொதிநிலையை நெருங்கிய சைலீனில் படிகங்கள் குலைந்த பிறகே அது கரைகிறது. தெர்மாகோலாக நாம் அறிந்த பாலிஸ்டைரீனில் படிக ஒழுங்கு இல்லை. பெட்ரோல் பட்டவுடன் சுருங்கிக் கூழாகிவிடும். ஆகவே முனைவுத்தன்மையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விடை தவறும். டெப்லான் இன்னொரு விந்தை: கார்பன்–புளூரின் பிணைப்பு மிகுந்த முனைவுள்ளது, ஆனால் சமச்சீரான அமைப்பால் இழுவைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, மொத்தத்தில் அது முனைவற்றதாகவே நடந்துகொள்கிறது.

நைலான் நீரைச் சற்று உறிஞ்சும், ஆனால் கரையாது. பாலிவினைல் ஆல்ககாலோ நீரிலேயே கரைந்துவிடும்.

மறுசுழற்சிக்கு உதவாத நெகிழிக் கழிவுகளைத் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகள் அரியலூர் மாவட்டச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பி வருகின்றன. சுண்ணாம்புக்கல் கிளிங்கராக மாறச் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுடரின் வெப்பம் அதையும் தாண்டும். பாலித்தீன் அங்கே முழுமையாக எரிந்து, நிலக்கரியின் வேலையைச் செய்கிறது. பி.வி.சி. கலந்தால்தான் சிக்கல். குழாயை ஒட்ட உதவிய அதே குளோரின், சூளையில் பொட்டாசியம், சோடியம் ஆகியவற்றோடு சேர்ந்து குளோரைடு உப்பாகி, குளிர்ந்த பகுதிகளில் படிந்து முன்சூடேற்றியை அடைக்கும். சிமென்ட்டில் தங்கினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். திறந்தவெளியில் குப்பையோடு எரித்தாலோ ஐதரசன் குளோரைடும் டையாக்சின்களும் வெளிவரும்.

பாலித்தீன் நீரில் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும் என்பதால் இவ்விரண்டையும் தொட்டியிலேயே பிரிக்கலாம். பி.வி.சி.யும் தண்ணீர் பாட்டிலின் பெட்டும் கலந்து வந்தால் அந்த வழி பலிக்காது. இரண்டின் அடர்த்தியும் 1.4-ஐ ஒட்டியே இருப்பதால் இரண்டும் மூழ்கும். அங்கே அகச்சிவப்புக் கருவியோ, அடியில் 1 என்றும் 3 என்றும் பொறித்திருப்பதைப் படிக்கும் ஆளோ வேண்டும்.