மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்

காஞ்சிபுரத்துப் பழைய பட்டுக் கடைகளில் வாங்க வந்தவரும் தரையில்தான் உட்காருவார், விற்பவரும் தரையில்தான். வெள்ளைத் துணி விரித்த மெத்தையின் மேல் புடவைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விழும். ஓரத்தில் ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில், சாய்வான மூடி போட்ட ஒரு மேசை இருக்கும். பேரேடு, ரசீதுப் புத்தகம், சில்லறை, மைக்கூடு எல்லாம் அதற்குள். கணக்குப்பிள்ளை மேசை என்று சொல்வார்கள். இந்த ஊரின் பழைய மேசை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் தறிக்கும் பாவுக்குமே இடம் போதாது. நாற்காலி போட்டு உட்காரும் உயர மேசைக்கு அங்கே பெரிதாக வேலை இருந்ததில்லை. அப்படிப்பட்ட மேசைகள் வக்கீல் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் இருந்தன.

இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் பழைய மேசை தேடுகிறார்கள். நல்ல விஷயம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போகிறார்கள். கடையில் முதலில் காதில் விழும் வார்த்தை, "நூறு வருஷத்துப் பொருள் சார்." அந்த நூறு வருஷத்துக்குத்தான் விலையும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: வயதுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரசீதோ குடும்ப ஆவணமோ இல்லாமல் ஒரு மேசையின் வயதைத் துல்லியமாகச் சொல்ல நம் ஊரில் வழி கிடையாது. மரத்தையும் பொருத்தையும் காலையும் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யலாம். பணத்தை அதற்குக் கொடுங்கள்.

வயதைச் சொல்ல ஏன் வழியில்லை என்றால், மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் அடையாளங்கள் இங்கே பாதிதான் செல்லுபடியாகும். இழுப்பறையின் மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்கொன்று சற்று அளவு மாறியிருந்தால் அது இயந்திரத்துக்கு முந்தைய காலம் என்பார்கள். நம் தச்சர்கள் அந்தப் பற்களை இன்றைக்கும் கையால் அறுக்கிறார்கள். பலகையில் கைரம்பத்தின் நேர்க்கோடுகள் தெரிந்தால் பழசு என்பார்கள். இங்கே ஆள் வைத்து மரம் அறுப்பது, இயந்திர ரம்பம் வந்த பிறகும் வெகுகாலம் நடந்தது. ஆகவே அவை கைவேலைக்குச் சாட்சி, வயதுக்குச் சாட்சி ஆகாது. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பலாம், அதுவும் ஒரு பக்கமாக. தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணி 1930களில்தான் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. பிரிக்கப்படாத பழைய பொருத்து என்று சொல்லும் இடத்தில் அது இருந்தால் நூறு வருஷக் கதையை அங்கேயே விட்டுவிடலாம்.

வட்ட மேசையாக இருந்தால் ஒரு டேப் போதும். மரம் காயக் காய ரேகையின் குறுக்கே சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இருக்காது. அதனால் உண்மையிலேயே பழைய வட்டப் பலகையை ரேகை ஓடும் திசையில் ஒரு முறையும் அதற்குக் குறுக்கே ஒரு முறையும் அளந்தால், குறுக்களவு சில மில்லிமீட்டராவது குறைவாக வரும். இரண்டும் அச்சாக ஒரே அளவு என்றால், மேல்பலகை அண்மையில் அறுத்ததாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து, வெட்கப்படாமல் மேசையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். மேல்பக்கத்தை எவரும் பாலீஷ் போட்டு மினுக்கிவிடலாம். அடிப்பக்கத்தில் அந்தக் காலத் தச்சர் பாலீஷ் போட்டு நேரத்தை வீணாக்க மாட்டார். இழைப்புளி ஓடிய லேசான அலைகளோடு, வெறும் மரமாக, காற்றுப்பட்டு மங்கிப் போயிருக்கும். அடிப்பக்கமும் மேல்பக்கமும் ஒரே சீரான காப்பி நிறத்தில் இருந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடியில் கீல் உட்கார்ந்த பள்ளமோ தாழ்ப்பாள் துளையை அடைத்த கட்டையோ தெரிந்தால், அது வீட்டுக் கதவாக இருந்த பலகை. கதவிலும் உத்தரத்திலும் மேசை செய்வது குற்றமில்லை. மரம் முதல்தரமாகவே இருக்கும். ஆனால் அது பழைய மரத்தில் செய்த புது மேசை. அதற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

கால் சட்டத்தோடு சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். துளை அடித்து, நாக்கை இறக்கி, மூங்கில் ஆணி அறைந்த பொருத்து நல்ல பொருத்து. அங்கே இரும்பு ஆணியும் பசையும் தெரிந்தால் யாரோ அவசரத்துக்குப் பழுது பார்த்திருக்கிறார்கள். இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பயப்பட வேண்டாம். பொருத்தைக் கழற்றி மறுபடி இறுக்கத் தெரிந்த தச்சர் ஒரே நாளில் சரி செய்வார். நாக்கே உடைந்திருந்தால்தான் செலவு.

நம் வீட்டு மேசைகளுக்கு மட்டும் வரும் ஒரு நோய் உண்டு. அது பாதத்தில் வரும். தினமும் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம். வெள்ளி, செவ்வாய் என்றால் கழுவியே விடுகிறோம். காலின் கடைசி ஓர் அங்குலம் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, கறுத்து மெத்தென்று ஆகிவிடும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி மரச் சிலையான அத்தி வரதர் 1979க்குப் பிறகு 2019இல்தான் வெளியே வந்து, 48 நாள் தரிசனம் தந்து, மீண்டும் நீருக்குள் எழுந்தருளினார். காற்றுப் புகாத நீருக்குள்ளேயே இருக்கும் மரத்தைப் பூஞ்சை எளிதில் தின்பதில்லை. ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் மரத்தைத்தான் தின்கிறது. பாதம் இற்றுப் போனதும் அந்தத் துண்டை அறுத்து எடுத்துவிடுவது வழக்கம். அதனால்தான் பல பழைய மேசைகள் குள்ளமாக நிற்கின்றன. வீட்டுக்கு வந்ததும் காலுக்கடியில் பித்தளைக் குப்பியோ ரப்பர் கட்டையோ வையுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு 29, 30 அங்குல உயரம் வேண்டும். ஒருவர் உட்கார இரண்டடி அகலம் வேண்டும். முழங்கால் சட்டத்தில் இடிக்காமல் இருக்கத் தரையிலிருந்து சட்டத்தின் அடிவரை சுமார் இரண்டடி இருக்க வேண்டும். கால் அறுத்த மேசை இதில் தேறாது, அதைச் சோபா முன்னால் போடலாம். வாசலையும் அளந்துகொண்டு போங்கள். காஞ்சியின் பழைய தெரு வீடுகள் குறுகலாகவும் ஆழமாகவும் இருப்பவை. நிலைக்கதவும் ரேழியும் தாண்டிப் பெரிய மேசை உள்ளே வராது.

மரத்துக்கு வருவோம். பழைய நல்ல மேசைகளில் பெரும்பாலும் தேக்கு. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கில்தான் செட்டிநாட்டு வீடுகளே எழுந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. தேக்குக்கு அடுத்து ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். தேக்கைவிடக் கனம், கறுஞ்சிவப்பில் கருங்கோடுகள். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தை வெட்டுவதற்கு எதிராக 1994இல் தனிச் சட்டமே வந்தது. ஆகவே மலிவாகப் புது ஈட்டி மரம் என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதிதான் காலம் தாண்டி நிற்கும். வெளிறிய பட்டையாகத் தெரியும் வெள்ளைப் பகுதியை, தேக்கானாலும், பூச்சி விடாது. பொட்டுத் துளைகள் தெரிந்தால் கீழே ஒரு கறுப்புக் காகிதம் விரித்து நாலு நாள் விட்டுப் பாருங்கள். மாவு போலப் புதுத் தூள் கொட்டினால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. தூள் இல்லை என்றால் அது அநேகமாகப் பழைய காயம்.

பட்டு ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை கைவசம் உண்டு. பழைய பட்டுத் துண்டு ஒன்றை மேசையின் விளிம்பிலும் சட்டத்தின் உள்பக்கத்திலும் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத சிலும்பும் வெடிப்பும் இழையைப் பிடித்து இழுக்கும். அந்த இடத்தில் புடவை உரசினால் என்ன ஆகும் என்று காஞ்சியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஓடிய விரிசலை விற்பவர் மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்திருந்தாலும் பல நேரம் பட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கக் கூடாத மேசையும் உண்டு. தேர்ச் சிற்பம், வாகனத்தின் யாளி முகம், மண்டபத்துப் போதிகை இவற்றைக் காலாக வைத்து மேலே கண்ணாடி போட்ட மேசைகள் கடைகளில் அழகாக நிற்கும். கோயில் சொத்து எப்படி வெளியே வந்தது என்பதற்குக் காகிதம் காட்ட முடியாதவரிடம் அதை வாங்குவது, அந்தக் கோயிலிலிருந்து இன்னொரு துண்டைப் பெயர்க்கப் பணம் கொடுப்பதற்குச் சமம். கருட சேவையன்று வாகனத்தைக் கைகூப்பிப் பார்க்கும் ஊர், அதன் மரத்தில் காப்பி டம்ளரை வைக்கலாமா? சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள். அதை விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய மேசை அனுப்ப நினைப்பவர்கள், அது தொல்பொருள் இல்லை என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்க வேண்டும். தந்தம் பதித்த மேசையைத் தொடவே தொடாதீர்கள். தந்த வியாபாரம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

வாங்கியபின் செய்யும் பெரிய தவறு, இயந்திரம் வைத்துத் தேய்த்துப் புதுசாக்குவது. நூறு கைகள் தடவிய பளபளப்பு, கணக்குப்பிள்ளை மேசையின் முன் விளிம்பில் உள்ளங்கை தேய்ந்த வழவழப்பு, உள்ளே மை சிந்திய கறை எல்லாம் ஒரே மணி நேரத்தில் போய்விடும். திரும்ப வராது. பழைய மேசைகளில் பலவற்றில் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலீஷ் இருக்கும். மறைவான ஓரத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவிப் பாருங்கள், பிசுபிசுத்தால் அதுதான். தேய்ந்த இடத்தில் மட்டும் அதையே மேலே பூசிக்கொள்ளலாம். சூடான டபராவும் சானிடைசரும் அதற்கு எதிரி. மேலே கண்ணாடி போட்டு அடியில் குடும்பப் படங்களை வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மழைக்காலத்தில் ஈரம் அதற்குள் அடைபட்டுப் பாலீஷ் வெளுத்துப் போகும். கண்ணாடி வேண்டும் என்றால் மூலைகளில் ரப்பர் பொட்டு வைத்துக் காற்றோட இடம் விடுங்கள்.

எதையும் வாங்குமுன் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் செட்டிநாட்டு வீடும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய மேசை பொருந்தும் என்பது நின்று பார்த்தாலே பிடிபடும். உங்கள் சொந்த வீட்டுப் பரணிலும் ஏறிப் பாருங்கள். தாத்தா காலத்துக் கணக்கு மேசை அங்கே கிடந்தால், தெருவில் கூவி வரும் பழைய சாமான் வண்டிக்குப் போடாதீர்கள். கீழே இறக்கித் துடைத்து, பக்கத்துத் தெருத் தச்சரை அழைத்துக் காட்டுங்கள். தரையில் உட்கார்ந்து எழுதவும் மடிக்கணினி வைக்கவும் பிள்ளைகள் படிக்கவும் அந்த உயரம் இன்றைக்கும் சரியாக இருக்கும்.