பட்டாவும் பங்கும்

'எழுதாத கணக்கு அழுதாலும் தீராது' என்பது நம் பக்கத்துப் பழமொழி. கணிதம் பயிலும் எனக்கு இதன் முழுப்பொருள் விளங்கியது வகுப்பறையில் அன்று; வட்டாட்சியர் அலுவலக வாசலில்தான்.

அறிவியல் மாணவிக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். இத்தகைய வீட்டில் ஒருத்தி படித்துவிட்டால், வீட்டுக்கு வரும் தாள்கள் அனைத்தும் அவள் கைக்கே வந்து சேரும். மின்கட்டண அட்டை, வங்கிக் கடிதம், நூல்கடை ரசீது எதுவாயினும் "பாப்பா படிக்கட்டும்" என்பார்கள். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த இரண்டு தாள்கள் என்னை எட்டு மாதம் அலைய வைத்தன. அந்த அலைச்சலில் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லள். ஆகவே இதை ஓர் அனுபவசாலியின் விளக்கமாக மட்டும் கொள்க.

நம் வட்டாரத்து நிலத்தின் கதை உலகறிந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பழுப்பு மண் வெளிப்பட்டது என்பதில் தொடங்கி, 1956-இல் நெய்வேலி நிறுவனம் உருவானது, சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் எழுந்தது வரை பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் இவ்வளவுக்கும் இடம் தந்தவை சுற்றிலும் இருந்த சிற்றூர்களின் புன்செய்களும் நன்செய்களும் அல்லவா? எனவே நம் பக்கத்தில் 'கையகப்படுத்துதல்' என்ற சொல்லை அறியாத பாட்டி இல்லை. சுரங்கம் மட்டுமன்று, சாலை, வாய்க்கால், மின்தடம் என்று ஏதேனும் ஒன்றுக்காக அறிவிப்பு வந்துகொண்டேயிருக்கிறது. 1894-ஆம் ஆண்டுச் சட்டமாயினும், தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டமாயினும், 2014 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமாயினும் ஒன்று மாறவில்லை: இழப்பீடு உரியவருக்கே கிடைக்கும். உரியவர் யார் என்பதில் தகராறு எழுந்தால், பணத்தை நீதிமன்றத்திலோ அதற்கென அமைந்த ஆணையத்திலோ கட்டிவிடுவார்கள். அங்கே கிடக்கும் பணத்தை எடுக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதை எங்கள் தெருவிலேயே பலர் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் தாள் அத்தகைய அறிவிப்பு. அது 1998-இல் காலமான என் தாத்தாவின் பெயருக்கு வந்திருந்தது! தறி நெய்து சேர்த்த பணத்தில் 1971-இல் அவர் கிரயம் வாங்கிய 66 சென்ட் நிலம் அது. கிரயப் பத்திரம் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பட்டாவோ இன்னமும் தாத்தா பெயரிலேயே இருந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக, இல்லாத ஒருவருக்காக நாங்கள் தீர்வை கட்டி வந்திருக்கிறோம்.

பத்திரம் வேறு, பட்டா வேறு என்பதை அப்போதுதான் அறிந்தேன். பத்திரம் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, உரிமை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்றதைக் காட்டுவது. பட்டா என்பது வருவாய்த்துறையின் கணக்கில் இந்தப் புல எண் இன்னார் பெயரில் உள்ளது என்று சொல்வது. பட்டா மட்டும் இருந்தால் உரிமை முழுமையாக நிலைநாட்டப்பட்டதாகாது. பத்திரம் மட்டும் இருந்து பட்டா மாறாவிட்டால் அரசின் கடிதங்கள் பழைய பெயருக்கே வரும். கொடுக்கல் வாங்கல், அடமானம் ஏதும் உள்ளதா என்பதை வில்லங்கச் சான்று காட்டும். புல எல்லையை அளவுப் படம் காட்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை இன்று இணையத்திலோ இ-சேவை மையத்திலோ பெறலாம். ஆனால் பட்டாவில் உள்ள பெயர் தானாக மாறாது. யாரேனும் மனுக் கொடுத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் கொடுக்க ஆளில்லை.

இரண்டாவது தாளைப் பற்றிச் சொல்ல எனக்குச் சற்றே கூச்சமாக உள்ளது. ஆயினும் அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை.

தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள்: அத்தை, அப்பா, சித்தப்பா. இழப்பீடு வரும் என்றறிந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் பத்திர எழுத்தர் ஒருவரிடம் சொல்லி ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வந்தார்கள். அத்தை தன் பாத்தியத்தை விட்டுக் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. அத்தை வீட்டுக்கு அதை எடுத்துப் போனவர்களோடு நானும் போனேன். அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்குன்னு நீயே படிச்சுச் சொல்லு கண்ணு, நீ சொன்னா சரிதான்" என்றார்.

படித்தேன். 'எனக்குரிய பங்குக்கு ஈடான ரொக்கத்தை முழுவதும் பெற்றுக்கொண்டு' என்று ஒரு வரி வந்தது. அத்தைக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வரியைத் தாண்டிப் படித்திருக்கலாம். எவரும் அறிந்திருக்க மாட்டார்கள். என்னால் இயலவில்லை. படித்ததை அப்படியே சொன்னேன். அத்தை ஒன்றும் பேசாமல் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அப்பா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை.

அப்பாவைக் கெட்டவர் என்று எவரும் எண்ண வேண்டாம். ஆயா படுத்த படுக்கையாய்க் கிடந்த இரண்டு ஆண்டும் பார்த்தவர் அவர்தான். என் படிப்புச் செலவும் இரண்டு தறியின் வருமானத்தில்தான் நடக்கிறது. "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு" என்பது அவர் மட்டும் சொல்வதன்று, ஊரே சொல்வது. தேநீர்க் கடையில் ஒருவர் சட்டமே பேசினார்: "89-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுக்குப் பங்கு கிடையாது." அத்தைக்குத் திருமணமானது 1986-இல். ஆகவே வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

இந்த '89' பற்றிய பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இத்தனை காலம் உயிரோடிருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு ஒரு திருத்தம் செய்து, 1989 மார்ச் 25 முதல் மகளையும் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை உடையவள் ஆக்கியது. அந்நாளுக்கு முன்பே திருமணமானவர்களுக்கு அத்திருத்தத்தில் இடமில்லை என்பது மெய். ஆனால் 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. 2020 ஆகஸ்டு 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த 2005-ஆம் ஆண்டு நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பாகம் பிரித்தவற்றை மட்டும் கிளற முடியாது.

இவ்வளவும் பூர்வீகச் சொத்துக்கு. எங்கள் தாத்தாவின் நிலமோ அவர் கைப்பட உழைத்து வாங்கியது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. மகளுக்கு என்று திருமணமானது என்ற கேள்வியே அங்கு எழாது. அந்தச் சட்டத்துக்கு முன்பும் இந்த உரிமை இருந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு உண்டு. 1949-இல் இறந்த மாரப்பக் கவுண்டரின் சுயசம்பாத்தியம் அவருடைய ஒரே மகளுக்கே சேரும், தம்பி வழியினருக்கு அன்று என்று அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில் 2022 ஜனவரி 20-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. இறந்து 73 ஆண்டு கழித்து! அந்த வீட்டிலும் யாரோ ஒருவர் தேநீர்க் கடையில் சட்டம் கேட்டிருப்பாரோ என்னவோ.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். தாத்தா இறந்தபோது வாரிசுகள் நால்வர்: ஆயா, அத்தை, அப்பா, சித்தப்பா. ஆளுக்குக் கால் பங்கு. 2011-இல் ஆயா இறந்ததும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிகிறது. அதாவது பன்னிரண்டில் ஒன்று. காலோடு பன்னிரண்டில் ஒன்றைக் கூட்டினால் மூன்றில் ஒன்று. ஆளுக்கு 22 சென்ட். பலகையில் இரண்டு வரியில் முடியும் இந்தக் கணக்கைத் தாளில் மெய்ப்பிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

ஏனெனில் ஆயாவின் இறப்பை எவரும் பதியவில்லை. பிறப்பும் இறப்பும் 21 நாளுக்குள் பதியப்பட வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நாள் கடந்தால் தாமதக் கட்டணம். ஓர் ஆண்டும் கடந்துவிட்டால் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். அதற்கு முன் 'எங்கள் பதிவேட்டில் இல்லை' என்று பதிவாளரிடம் ஒரு சான்று வாங்க வேண்டும். இல்லாததற்கும் ஒரு சான்று உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி. கடலூருக்கு நான்கு முறை தொடர்வண்டியில் போய் வந்தேன். இறப்புச் சான்று கைக்கு வந்த பின்னரே வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றுக்கு மனுச் செய்ய முடிந்தது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்தார்கள். அத்தையின் பெயரை விட்டுவிட்டு மனுக் கொடுத்தால் எளிதில் முடியும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படி வாங்கிய சான்று பின்னால் ரத்தாகும்; பொய் சொன்னவர் மீது வழக்கும் வரும். வங்கியிலுள்ள பணம், பங்குப் பத்திரம் போன்றவற்றுக்கு நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்று வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி அலைவோர் பலர்.

தாத்தா இறந்த ஆண்டிலேயே நால்வர் பெயரிலும் ஒரு கூட்டுப் பட்டா வாங்கியிருந்தால் இதில் பாதி வேலை இல்லை. ஆண்டுதோறும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்தியிலும் அதற்கு மனுக் கொடுக்கலாம்.

பங்கை விட்டுத் தருவது தவறென்று நான் சொல்லவில்லை. மனமொப்பி விட்டுத் தரும் சகோதரிகள் உண்டு. அசையாச் சொத்தின் பாத்தியத்தை விட்டுத் தரும் பத்திரம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். வாய்ச் சொல்லோ, வெள்ளைத் தாளில் வாங்கிய கைநாட்டோ செல்லாது. குடும்பத்தாருக்குள் எழுதிக்கொள்ளும் பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணமும் குறைவு. ஆனால் கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாக எழுதுவது வேறு சங்கதி.

வெள்ளைத் தாள் என்றதும் தறிக்காரர் வீடுகளில் புழங்கும் புரோ நோட்டு நினைவுக்கு வருகிறது. கைலி நெய்யும் நம் ஊரில் நூலும் பாவும் கடனில்தான் வரும். அவசரத்துக்கு ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். முத்திரை ஒட்டிக் கையொப்பமிட்ட வெற்றுத் தாளைத் தருவது, அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் தருவதாகும் என்கிறது 1881-ஆம் ஆண்டுச் சட்டம். தொகையையும் நாளையும் எழுத்தில் நிரப்பிய பிறகே கையொப்பமிட வேண்டும். தவணை கட்டும்போதெல்லாம் நோட்டின் பின்புறம் வரவு எழுதி வாங்க வேண்டும். முழுதும் அடைந்தால் நோட்டையே திரும்பப் பெற வேண்டும். அப்பா கட்டிய தொகை ஒன்றுக்கு வரவு எழுதாததால், கடன் கொடுத்தவர் இறந்தபின் அவர் பிள்ளைகளிடம் மீண்டும் கட்ட நேர்ந்தது. கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு சொல்: மூன்று ஆண்டுக்குள் வழக்கிடாவிட்டால் காலாவதியாகும், அதற்குள் கடன்காரர் கையெழுத்துடன் வரவு எழுதினால் அந்நாள் முதல் மீண்டும் மூன்று ஆண்டு. காசோலை திரும்பினாலோ, வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். 15 நாளில் பணம் வராவிடில் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாள் தவறினால் நல்ல வழக்கும் வலுவிழக்கும். வரம்பு மீறிய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் உள்ளது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்கூடத் தொழிலாளர் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் வழி சொல்வார்கள். பாகத் தகராறுகளை மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் நீதிமன்றக் கட்டணம் இல்லை; அந்த முடிவின்மேல் மேல்முறையீடும் இல்லை. எங்கள் சங்கதியும் அங்குதான் போகும் என்று நினைத்தேன். அதற்குள் பன்னிரண்டாம் நாள் அப்பா தாமாகவே வந்து, "அந்தக் கணக்கை எனக்கும் போட்டுக் காட்டு" என்றார். காலோடு பன்னிரண்டில் ஒன்று. சிலேட்டில் இரண்டு முறை போட்டேன்.

வாரிசுச் சான்றுகளையும் 1971-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தையும் இணைத்து, மூவரும் சம பங்குக்கு ஒப்பி ஒரே மனுவாகக் கொடுத்துள்ளோம். அத்தை கைநாட்டு வைக்கவில்லை. தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விசாரணை முடிந்து பணம் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் அப்பா தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்து, நாங்கள் குடியிருக்கும் வீட்டு மனையின் பட்டா யார் பெயரில் உள்ளது என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கொள்ளுத் தாத்தா பெயரில் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் மனு எழுத வேண்டும்.